அடி ஸ்வரம் யாரிடம்? கிட்டாரில் மைனர் 7, 9, 11 இன்வர்ஷன்கள்

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா. லைட் மியூசிக் மேடையில் எனக்கு அப்போது மூன்றாவது கச்சேரியோ நான்காவதோ. சவுண்ட் செக்கில் ஒரு மைனர் பாட்டுக்கு ஆறு தந்தியையும் அழுத்தி பார் கார்டு அடித்துக்கொண்டிருந்தேன். கீபோர்டும் அதே கார்டைக் கனமாகப் பிடித்திருந்தது. எல்லாரும் சரியாகத்தான் வாசித்தோம், ஆனால் கேட்கவே கலங்கலாக இருந்தது. பேஸ் கிட்டார் வாசித்த அண்ணன் என் பக்கம் சாய்ந்தார். “தம்பி, அடி என்கிட்ட இருக்கு. நீ மேல நாலு தந்தி மட்டும் வாசி. அதுவும் ஒரே எடத்துல நிக்காத, ஏறி எறங்கி வா.”

நான்கு தந்திக்கு மாறியதும் அந்தக் கலங்கல் போய்விட்டது. பாடுகிறவருடைய குரல் முன்னால் வந்தது. இன்வர்ஷன் என்கிற சொல்லை அதற்கு முன்பே எனக்குத் தெரியும். அது எதற்கு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. கார்டில் எந்த ஸ்வரம் கீழே உட்கார வேண்டும், எதை வேறொருவரிடம் விட்டுவிடலாம் என்று தீர்மானிப்பதுதான் அது.

சி, ஜி, ஏ மைனர், ஈ மைனர் போன்ற ஓப்பன் கார்டுகளும், தட்டுத்தடுமாறியாவது ஒரு பார் கார்டும் வரும் என்ற அளவில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காவிரிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கோயில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் விடாமல் ஊதும் ஒத்து, பாட்டு வகுப்பின் சுருதிப்பெட்டி, திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைப் பந்தல் முழுக்க நிறையும் தம்பூரா என்று ஒரு அடி ஸ்வரம் நின்றுகொண்டே இருக்க, மேலே மற்றவை நடமாடுவதைக் கேட்டுப் பழகிய காது நமக்கு. அந்தக் காதை வைத்தே இந்தப் பாடத்தை நடத்தலாம்.

முதலில் ஸ்வரங்கள்

முழுப் பாடத்தையும் ஈ மைனரிலேயே வைத்துக்கொள்வோம். நம் சுருதிக் கணக்கில் 3 கட்டை. ஈ-தான் ச. அப்போது:

ச – ஈ
ரி – எஃப் ஷார்ப்
க – ஜி
ம – ஏ
ப – பி
த – சி ஷார்ப்
நி – டி

வெறும் ஈ மைனர் என்றால் ச க ப. காந்தாரம் இங்கே ‘சாதாரண காந்தாரம்’ என்ற வகை. ச-விலிருந்து எண்ணினால் மூன்று ஃப்ரெட் தள்ளி இருக்கும். பஞ்சமம் ஏழு ஃப்ரெட் தள்ளி. ச, க, ப என்று ஒன்று விட்டு ஒன்று அடுக்கிக்கொண்டே போனால் அடுத்தது நி. கைசிகி நிஷாதம், பத்து ஃப்ரெட். அதைச் சேர்த்தால் ஈ மைனர் 7.

இன்னும் மேலே அடுக்கினால் மேல் ஸ்தாயி ரி வரும். ச-வை ஒன்றாக வைத்து எண்ணினால் அது ஒன்பதாவது ஸ்வரம், அதனால் மைனர் 9. அதற்கும் மேலே ம, பதினொன்றாவது, அதனால் மைனர் 11. அதற்கு மேல் த, பதின்மூன்றாவது. அத்தோடு ஏழு ஸ்வரமும் தீர்ந்துவிடும். அடுக்கிய ஏழையும் வரிசையில் வையுங்கள்: ச, சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். 22-ஆவது மேளகர்த்தா (தாய் ராகம்) கரஹரப்ரியாவே வந்து நிற்கிறது. தியாகராஜர் திருவையாற்றில் இருந்து பாடிப் பாடி வளர்த்த ராகம். அதன் ஸ்வரங்களை ஒன்று விட்டு ஒன்றாக எடுத்து ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டால் மைனர் 13. எண்களை மனப்பாடம் செய்து திணறுகிறவர்களுக்கு இந்த வழி சுலபம். 9 என்றால் ரி, 11 என்றால் ம, 13 என்றால் த. அவ்வளவுதான்.

இப்போது சிக்கல். மைனர் 11-க்கு ஆறு ஸ்வரம், 13-க்கு ஏழு. நம்மிடம் இருப்பது ஆறு தந்தி, அழுத்த நான்கு விரல். எல்லாவற்றையும் பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. எதை விடலாம்?

முதலில் ப-வை விடலாம். அது கார்டுக்குக் கனம் கொடுக்கும், ஆனால் குணத்தை மாற்றாது. அடுத்து ச-வை விடலாம், பேஸ் கிட்டாரோ சுருதிப்பெட்டியோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் மட்டும். க-வையும் நி-யையும் முடிந்தவரை விடாதீர்கள். மைனர் என்று சொல்வது க, 7 என்று சொல்வது நி. இந்த இரண்டும், கூடவே நீங்கள் சேர்க்க நினைத்த ரி அல்லது ம-வும் இருந்தால் கார்டு நிற்கும்.

ஒரு விரல் பயிற்சி

எதையும் அழுத்தாமல் ஆறு தந்தியையும் தடித்ததிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டுங்கள். ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. நம் கணக்கில் ச ம நி க ப ச. சுத்த தன்யாசி ராகத்தின் ஐந்து ஸ்வரங்களும் அதில் இருக்கின்றன. கிட்டாரைச் சரியாகச் சுருதி சேர்த்து மடியில் வைத்தாலே மைனர் 11-இன் பெரும்பகுதி கையில் இருக்கிறது. ரி மட்டும்தான் பாக்கி. எனக்கு இதைக் கவனிக்கப் பல வருடம் ஆனது. உங்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கட்டும்.

இங்கே ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தடித்த தந்திதான் ஆறாவது. மடியில் வைத்துப் பார்த்தால் அது மேலே, முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஆனால் ஒலியில் அதுதான் கீழே. இந்தக் கட்டுரையில் கீழே என்றால் ஒலியில் கீழே, மேல் நான்கு தந்தி என்றால் ஒலியில் மேலே இருக்கும் நான்கிலிருந்து ஒன்று வரை. எண்களை ஆறாவது தந்தியிலிருந்து முதல் தந்தி வரைக்கும் வரிசையாகத் தருகிறேன். எண் என்பது அந்தத் தந்தியில் அழுத்த வேண்டிய ஃப்ரெட். 0 என்றால் ஓப்பன், அதாவது அழுத்தாமல் மீட்டுவது, × என்றால் அந்தத் தந்தி ஒலிக்கக் கூடாது.

0 × 0 0 0 0

ஐந்தாவது தந்தியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் ஒலிக்க விடுங்கள். வலது கட்டை விரலால் ஆறாவது தந்தி, ஆள்காட்டி விரலால் நான்கிலிருந்து ஒன்று வரை ஒரு வருடல். இது ஈ மைனர் 7, ரூட் கீழே, அதாவது ச அடியில். இனி ஆறாவது தந்தியில் மட்டும் விரல் வையுங்கள்.

3 × 0 0 0 0 – க கீழே, முதல் இன்வர்ஷன்
7 × 0 0 0 0 – ப கீழே, இரண்டாம் இன்வர்ஷன்
10 × 0 0 0 0 – நி கீழே, மூன்றாம் இன்வர்ஷன்

நடு விரலால் அழுத்துங்கள். அதன் நுனி ஐந்தாவது தந்தியை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அது தானாக அடங்கிவிடும். மேல் நான்கு தந்தியும் நகரவே இல்லை, ஆனால் ஒவ்வொரு இடத்திலும் கார்டின் முகம் மாறுகிறது. 3-இல் கொஞ்சம் வெளிச்சம் வரும். 7-இல் கால் ஊன்றாமல் நிற்பதுபோல் இருக்கும். 10-இல் அடுத்து எங்கோ இறங்கப் போகிறது என்று தோன்றும்.

பத்தாவது ஃப்ரெட்டில் நிதானமாக நில்லுங்கள். ஆறாவது தந்தியின் 10-ம், ஓப்பன் நாலாவது தந்தியும் ஒரே டி, ஒரே உயரம். இரண்டும் துல்லியமாகச் சேர்ந்திருந்தால் ஒரே தந்தி கனத்து ஒலிப்பதுபோல் இருக்கும். கொஞ்சம் விலகினாலும் வவ்... வவ்... என்று அலை அடிக்கும். அப்படி அடித்தால் ட்யூனரை எடுத்து இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஓப்பனில் ஆறாவது தந்தி சரியாக இருந்து, 10-இல் மட்டும் விலகினால் ஒன்று நீங்கள் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள், அல்லது தந்தி உயரம் அதிகம்.

இதையே சுருதிப்பெட்டியோடு செய்யுங்கள். போனில் இருக்கும் சுருதி செயலியும் போதும். 3 கட்டையில் வைத்து 3 × 0 0 0 0 வாசியுங்கள். கீழே ஜி இருந்தாலும் காது ஈ-யை விடாது, ஈ மைனர் 7-இன் இன்வர்ஷனாகவே கேட்கும். இப்போது பெட்டியை 5 கட்டைக்கு, அதாவது ஜி-க்கு மாற்றுங்கள். கையை நகர்த்தாமல் அதே கார்டை வாசியுங்கள். மைனரின் சாயலே போய்விடும். அதே நான்கு ஸ்வரம் இப்போது ஜி 6. சுத்த தன்யாசியின் காந்தாரத்தை ஷட்ஜமாக வைத்தால் மோகனம் வரும் என்று பாட்டு வகுப்பில் கிரகபேதம் சொல்லித்தருவார்களே, அதற்குப் பக்கத்து வீடு இது. ஈ மைனர் 7-ம் ஜி 6-ம் ஒன்றா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஸ்வரங்கள் ஒன்று, பெயரைத் தீர்மானிப்பது அடியில் நிற்பவர்.

கார்டு ஷீட்டில் ஈ மைனர் 7 என்று எழுதி, சாய்கோடு போட்டு ஜி என்றிருந்தால் அது இதுதான். சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது கீழே நிற்க வேண்டிய ஸ்வரம். பேஸ் கிட்டார் இருக்கும் மேடையில் அது அவருக்கான குறிப்பு. தனியாக வாசித்தால் உங்களுக்கு.

நான்கு தந்தி, நான்கு இடம்

இதுதான் பாடத்தின் மையம். இனி ஆறாவது, ஐந்தாவது தந்திகளை மறந்துவிடுங்கள். மேல் நான்கு தந்தியில் ஈ மைனர் 7 நான்கு இடத்தில் இருக்கிறது.

× × 0 0 0 0 – நி க ப ச
× × 2 4 3 3 – ச ப நி க
× × 5 7 5 7 – க நி ச ப
× × 9 9 8 10 – ப ச க நி

முதலாவதற்கு விரலே வேண்டாம். இரண்டாவதற்கு ஆள்காட்டி நாலாவது தந்தி 2-இல், சுண்டு விரல் மூன்றாவது தந்தி 4-இல், நடு விரலும் மோதிர விரலும் மீதி இரண்டில். ஓப்பன் டி மைனர் 7 தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல, அதையே இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளினால் இந்த வடிவம். மூன்றாவதற்கு ஆள்காட்டி விரலை 5-இல் நான்கு தந்திக்கும் குறுக்கே படுக்கவைத்து, மோதிர விரல் மூன்றாவது தந்தி 7-இல், சுண்டு விரல் முதல் தந்தி 7-இல். நான்காவதற்கு ஆள்காட்டி இரண்டாவது தந்தி 8-இல், நடு விரல் நாலாவது தந்தி 9-இல், மோதிர விரல் மூன்றாவது தந்தி 9-இல், சுண்டு விரல் முதல் தந்தி 10-இல்.

வடிவங்களைப் படமாக மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிட வேண்டாம். ஒவ்வொரு தந்தியையும் தனியாகப் பிடித்து மேலே ஏறிப் பாருங்கள். நாலாவது தந்தியில் மட்டும் 0, 2, 5, 9 என்று வாசித்தால் நி, ச, க, ப. மூன்றாவது தந்தியில் 0, 4, 7, 9 என்றால் க, ப, நி, ச. இரண்டாவதில் 0, 3, 5, 8 என்றால் ப, நி, ச, க. முதலாவதில் 0, 3, 7, 10 என்றால் ச, க, ப, நி. ஒவ்வொரு தந்தியும் ச க ப நி என்ற அதே வரிசையில்தான் ஏறுகிறது, ஆரம்பிக்கும் இடம் மட்டும் வேறு. நால்வர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் எல்லாரும் ஒரு இடம் தள்ளி உட்காருவதுபோல. இன்வர்ஷனின் உள்வேலை முழுவதும் இந்த நகர்வுதான்.

இதை வாயால் பாடிக்கொண்டே வாசிக்கச் சொல்வேன். வெட்கப்படாமல் பாடுங்கள். நாலாவது தந்திக்கு “நி... ச... க... ப...” என்று மெதுவாக இழுத்துப் பாடி, பாடியதை விரல் தேடிப் பிடிக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு தந்தி போதும். ஐந்தாம் நாள் நான்கையும் சேர்த்து வாசிக்கும்போது கார்டு ஒரு கட்டியாக இல்லாமல் நான்கு குரலாகக் கேட்கும். அப்படிக் கேட்க ஆரம்பித்தபிறகு வடிவம் மறந்துபோனாலும் நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

இதே வடிவங்களுக்கு அடியில் ஆறாவது தந்தியை ஓப்பனாகக் கட்டை விரலால் ஒருமுறை மீட்டி ஒலிக்கவிடலாம். ஐந்தாவதை மட்டும் தவிருங்கள். அது உங்கள் சொந்த ஒத்து. அந்த ஈ ஒலித்துக்கொண்டிருக்க, மேலே நான்கு இடங்களுக்கும் போய் வாருங்கள். பிறகு ஆறாவது தந்தியை நிறுத்திவிட்டு, சுருதிப்பெட்டியிடம் அந்த வேலையைக் கொடுங்கள். பிறகு பெட்டியையும் நிறுத்துங்கள். மனசுக்குள் ஈ நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அடுத்த படிக்குப் போகலாம். நிற்காவிட்டால் இன்னும் இரண்டு நாள் பெட்டியோடேயே இருங்கள், அவசரமில்லை.

ஒன்பதாவது ஸ்வரம்: ச-வை அனுப்பிவிட்டு ரி-யைக் கூப்பிடுதல்

இப்போது மைனர் 9. மேலே சொன்ன நான்கு வடிவங்களிலும் ச எந்தத் தந்தியில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த விரலை மட்டும் இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளினால் ரி. மற்ற மூன்றும் அதே இடத்தில்.

× × 0 0 0 2 – நி க ப ரி
× × 4 4 3 3 – ரி ப நி க
× × 5 7 7 7 – க நி ரி ப
× × 9 11 8 10 – ப ரி க நி

நான்கில் எதிலும் ச இல்லை. சுருதி இல்லாமல் தனியாக வாசித்தால் இவை ஜி மேஜர் 7 என்றே கேட்கும், ஸ்வரங்களும் அதுவேதான். 3 கட்டையில் பெட்டியைப் போட்டதும் மைனர் 9 ஆகிவிடும். நான் வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் செய்து காட்டுவேன். பெட்டியை அணைத்துவிட்டு × × 5 7 7 7 வாசிப்பேன். மலர்ந்த ஒலி. வாசித்துக்கொண்டிருக்கும்போதே பெட்டியைப் போடுவேன். அதே ஒலி, உள்ளே ஒரு ஏக்கத்தோடு திரும்பி வரும். கை அசையவே இல்லை என்று பிள்ளைகள் எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொள்வார்கள்.

நான்காவது வடிவம் கடினம். 8, 9, 10, 11 என்று ஃப்ரெட்டுக்கு ஒரு விரல்: ஆள்காட்டி இரண்டாவது தந்தியில், நடு விரல் நாலாவதில், மோதிர விரல் முதலாவதில், சுண்டு விரல் மூன்றாவதில். முதலில் நடு விரலையும் சுண்டு விரலையும் மட்டும் வைத்து 9, 11 ஒலிக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆள்காட்டி, கடைசியில் மோதிர விரல். கட்டை விரல் நெக்கின் பின்புறம் நடுவில் இருக்கட்டும், மேலே எட்டிப் பிடித்தால் சுண்டு விரல் எட்டாது. மணிக்கட்டில் வலி எடுத்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். விரல் நுனி வலி போகப் போகச் சரியாகும், மணிக்கட்டு வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிக்கக் கூடாது.

இரண்டாவது வடிவத்தில் ரி கீழே நிற்கிறது. நாலாவது தந்தியில் ரி, முதல் தந்தியில் க. இரண்டும் ஒட்டிய ஸ்வரங்கள்தான், ஆனால் நடுவில் ஒரு ஸ்தாயி இடைவெளி இருப்பதால் அவ்வளவாக உறுத்துவதில்லை. முதல் வடிவத்திலும் க-வும் ரி-யும் அதுபோலத் தள்ளித்தான் நிற்கின்றன. நான்காவது வடிவத்தில் மட்டும் ரி-யும் க-வும் பக்கத்துப் பக்கத்தில் உரசும். அந்த உரசல் மைனர் 9-க்கு அழகு, ஆனால் கடுமையாக ஸ்ட்ரம் செய்தால் கரகரக்கும். விரலால் ஒவ்வொரு தந்தியாகப் பிரித்து மீட்டுங்கள்.

பதினொன்று: ப-வுக்குப் பதில் ம

இது சீக்கிரம் முடிந்துவிடும். மைனர் 7 வடிவத்தில் ப இருக்கும் விரலை இரண்டு ஃப்ரெட் கீழே இறக்கினால் ம.

× × 2 2 3 3 – ச ம நி க
× × 5 7 5 5 – க நி ச ம
× × 7 9 8 10 – ம ச க நி

ஓப்பன் வடிவத்தில் ப இரண்டாவது தந்தியில் அழுத்தாமல் ஒலிக்கிறது, அதற்குக் கீழே இறங்க ஃப்ரெட் இல்லை. அதனால் மூன்றுதான். முழு மைனர் 11 என்றால் ரி-யும் சேர வேண்டும், நான்கு தந்தியில் இடமில்லை என்பதால் விட்டிருக்கிறேன். இவற்றில் முதலாவது கைக்கு மிக எளிது: 2-இல் இரண்டு தந்திக்கு ஆள்காட்டி, 3-இல் இரண்டு தந்திக்கு நடு விரலும் மோதிர விரலும். மெதுவான பாட்டின் முன்னிசையில் இதைப் பிரித்து மீட்டினால் போதும், அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம்.

13-ஐ இப்போதைக்குத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. பாட்டு கரஹரப்ரியா போக்கில் இருந்தால் சதுச்ருதி தைவதம் ஒத்துப்போகும். நடபைரவி போக்கில் இருந்தால் அங்கே தைவதம் சுத்தம், இதோடு முட்டும். பாட்டில் எந்த தைவதம் வருகிறது என்று காதால் பிரித்துச் சொல்ல முடிந்த பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் எங்கே வைப்பது

இன்வர்ஷன் தெரிந்ததன் முதல் பலன், கை ஓட வேண்டியதில்லை என்பது. ஈ மைனர் 7-இலிருந்து ஏ மைனர் 7-க்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இப்படிச் செய்யுங்கள்:

× × 2 4 3 3
× × 2 2 1 3

நாலாவது தந்தியும் முதல் தந்தியும் அப்படியே இருக்கின்றன. நடுவில் இரண்டு தந்தி மட்டும் இரண்டு ஃப்ரெட் இறங்குகிறது. கேட்பவருக்குக் கார்டு தாவுவதுபோலத் தெரியாது, இரண்டு குரல் மெல்ல இறங்கி அமர்ந்ததுபோல இருக்கும். விரல் மாற்றம் ஆரம்பத்தில் தடுமாறும். ஏ மைனர் 7-க்கு நடு விரல் நாலாவது தந்தியில், மோதிர விரல் மூன்றாவதில், ஆள்காட்டி இரண்டாவதில், சுண்டு விரல் முதலாவதில். மெட்ரோனோமை 60-இல் வைத்து, நான்கு தட்டுக்கு ஒரு கார்டு என்று மாற்றிப் பழகுங்கள்.

சர்ச் பாடகர் குழுவில் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேளாங்கண்ணி, நாகப்பட்டினம், தஞ்சாவூர் என்று எங்கே போனாலும் ஆர்கன் அல்லது கீபோர்டு வாசிப்பவரின் இடது கை ஏற்கெனவே அடி ஸ்வரத்தைப் பிடித்திருக்கும். அங்கே உங்கள் ஆறாவது, ஐந்தாவது தந்திகள் தேவையில்லை. பாடலின் முதல் சரணத்துக்கு × × 2 4 3 3 இருக்கும் இடத்தில் நில்லுங்கள், அடுத்த சரணத்தில் குரல்கள் கூடும்போது 5 7 5 7 இருக்கும் இடத்துக்கு ஏறுங்கள். சத்தம் கூட்டாமலே பாட்டு ஒரு படி உயரும். கீபோர்டு இல்லாமல் நீங்கள் மட்டும் வாசிக்கும் ஜெபக்கூட்டத்தில் இதைச் செய்யாதீர்கள். அங்கே அடி ஸ்வரம் உங்கள் பொறுப்பு, ஆறாவது தந்தி ஒலிக்கத்தான் வேண்டும்.

கர்நாடக சங்கீதம் பாடுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் இன்னும் கவனம் வேண்டும். கரஹரப்ரியாவில் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். கிட்டாரில் க-வை ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துவைத்தால், பாடுகிறவருடைய கமகத்தோடு, அதாவது அந்த அசைவோடு, அது மோதும். பஜனைப் பாட்டு, மெல்லிசை என்றால் பரவாயில்லை. கீர்த்தனை என்றால் நான் கார்டே வாசிப்பதில்லை. அவர்களே கேட்டுக்கொண்டால் க இல்லாமல் ச, ப, நி மட்டும் மெல்ல ஒலிக்கவிடுவேன். நி-யும் உறுத்துகிறது என்றால் ச, ப போதும். முன்னே க-வை விடாதீர்கள் என்றேன், விட வேண்டிய இடம் இது ஒன்று.

கருவியைப் பற்றிக் கொஞ்சம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பக்கத்து வீடுகளுக்குள் ஈரம் இறங்கிவிடும். மரக் கிட்டாரின் மேற்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும், தந்தி உயரும். கோடையில் சரியாக வந்த பார் கார்டு மழைக்காலத்தில் வராமல் போனால் உங்கள் விரலைக் குறை சொல்வதற்கு முன் கருவியைப் பாருங்கள். 12-ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது தந்திக்குக் கீழே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால், கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். வெறும் சுவரில் சாய்த்து வைக்காமல் உறைக்குள் வையுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் தந்திகளைத் துடைக்க வேண்டும், உப்புக்காற்றில் துருப் பிடித்த தந்தியில் 8, 9, 10, 11 என்று விரல் விரித்துப் பழகுவது கொடுமை. புதிதாகத் தந்தி போடும்போது 10 கேஜ் என்கிற மெல்லிய தந்தி கேளுங்கள்.

× போட்ட தந்திகள் ஒலித்துவிடுகின்றன என்பதுதான் என்னிடம் வரும் பொதுவான புகார். மேல் நான்கு தந்தி வடிவங்களுக்கு வலது உள்ளங்கையின் ஓரத்தை ஆறாவது, ஐந்தாவது தந்திகள்மேல், பாலத்துக்கு (பிரிட்ஜுக்கு) பக்கத்தில் சும்மா படியவிடுங்கள். அழுத்தம் வேண்டாம். பிக் பிடித்து ஸ்ட்ரம் செய்யும்போதும் இது வேலை செய்யும்.

மற்ற சுருதிகளுக்கு

ஈ மைனரில் நான்கு இடமும் கைக்கு வந்துவிட்டால் எல்லா மைனரும் வந்த மாதிரிதான். எஃப் மைனருக்கு ஒரு ஃப்ரெட் மேலே, ஜி மைனருக்கு மூன்று, ஏ மைனருக்கு ஐந்து. ஓப்பனாக இருந்த 0 0 0 0 வடிவம் ஏ மைனருக்கு × × 5 5 5 5, ஒரே விரலைப் படுக்கவைத்தால் போதும். 2 4 3 3 வடிவம் 7 9 8 8 ஆகும். 5 7 5 7 வடிவம் 10 12 10 12. நான்காவது வடிவத்தை ஐந்து ஃப்ரெட் தள்ளினால் 14 14 13 15. பெரும்பாலான மரக் கிட்டார்களில் அங்கே விரல் நிம்மதியாகப் போகாது, உடல்பலகை குறுக்கே வரும். அதனால் பன்னிரண்டு ஃப்ரெட் கழித்து ஒரு ஸ்தாயி கீழே கொண்டு வாருங்கள். 14-இல் 12 போனால் 2, அடுத்ததும் 2, பிறகு 1, கடைசியில் 3. சற்று முன் ஈ மைனர் 7-இலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தோமே, அந்த × × 2 2 1 3 இதுதான்.